கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? வீட்டுத் தோட்டம், வீட்டுச் சுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்புறம் ஒன்றரை சென்ட் இடம், மாடியில் பதினைந்து செடிப் பை, ஓர் உப்புத் தண்ணீர் போர்வெல், முறை வைத்து வரும் ஒகேனக்கல் தண்ணீர். இவ்வளவுதான் என் ஆஸ்தி. வீட்டுக்கு வருகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் செடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள். சமையலறைக்குள் வந்து புளிச்சக்கை டப்பாவைப் பார்த்ததும் இன்னொன்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவை ஒரே குழாயில் ஓடுகின்றன. பாத்திரத்தை எதைப் போட்டுத் தேய்க்கிறேனோ அதுதான் கொஞ்ச நேரத்தில் வாழையின் காலடிக்குப் போகிறது.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். பை, தேங்காய் நார்க்கழிவு, விதைப் பொட்டலம், பூவாளி என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டு, இரண்டாம் மாதம் பையில் கோழி படுத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்து வீட்டுத் தண்ணீரைக் கவனியுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் என்று நான்கு வகை இருக்கும். முதல் இரண்டும் எந்தச் செடிக்கும் ஆகும் (மாடு இருக்கும் வீட்டில் கழுநீர் மாட்டுக்குத்தான் முதலில், அதில் விவாதம் இல்லை). மூன்றாவது, எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்காவதை, சலவைத் தூள் போட்டிருந்தால், காய்கறிப் பாத்திக்கு விடாதீர்கள். சலவைத் தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். எங்கள் பக்கத்துச் செம்மண் அப்படி இறுகினால் கடப்பாரைதான் பேசும்.

தண்ணீர் போகும் வழி தெரிந்த பிறகு அந்த வழியில் ஒரு வாழையோ சேம்போ கல்வாழையோ நடுங்கள். தோட்டம் தொடங்கியாகிவிட்டது.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. செடி வருமா?

வரும், ஆனால் எல்லாச் செடியும் வராது. பீன்ஸ், கேரட் இரண்டும் உப்புக்குத் தொட்டாற்சிணுங்கிகள். பீட்ரூட், பாலக்கீரை நன்றாகத் தாங்கும். தக்காளியும் கத்தரியும் நடுவாந்தரம்.

பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. தினமும் தெளித்துத் தெளித்து விட்டால் ஈரம் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை, அடியில் ஒழுகும் அளவுக்கு ஊற்றுவது மேல். ராகித் தாளோ காய்ந்த இலையோ போட்டு மூடாக்கு வையுங்கள். மழை பெய்தால் பைகளைத் திறந்த வெளிக்கு நகர்த்துங்கள், ஒரு நல்ல மழை பல மாத உப்பைக் கழுவிவிடும். சன்ஷேடு குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்து நாற்றுகளுக்கு மட்டும் மழைத் தண்ணீர் கொடுக்கிறேன். நாற்றுப் பருவத்தில்தான் உப்பு அதிகம் கொல்கிறது.

நிலம் பெரிதாக இருந்தால் யூகித்துக்கொண்டிருக்காமல் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கறிவேப்பிலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. எரு போடவா?

எரு மட்டும் போட்டால் போதாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு கலந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் புளிப்புத்தான். மோரோடு மக்கிய எருவும் வேண்டும், மழைத் தண்ணீரும் வேண்டும். சாம்பலைக் கறிவேப்பிலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. பூந்திக்கொட்டை நுரைக்குமா?

நுரைக்கும், அதனால்தான் அது இந்த மண்ணுக்கு ஏற்ற பொருள். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடுகின்றன. குளியலறைத் தரையில் பிசுபிசுவென்று படியும் வெள்ளை அதுதான். நாம் போடும் சோப்பில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. பூந்திக்கொட்டையின் நுரை சபோனின் என்ற பொருளால் வருவது. அது அப்படித் திரிந்து படியாது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையை எடுத்துவிடுங்கள். தோல்தான் வேண்டும். ஒரு கைப்பிடித் தோலை அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசையுங்கள். கரும்பு வெல்லப் பாகு நிறத்தில் ஒரு தண்ணீர் வரும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நான்கைந்து நாளில் புளித்து நாறிவிடும், ஆகவே லிட்டர் கணக்கில் காய்ச்சிச் சேமிக்க வேண்டாம். எண்ணெய்ப் பாத்திரம், தரை, கம்பளி, பட்டு எல்லாவற்றுக்கும் ஆகும். வெள்ளைச் சட்டைக்கு வேண்டாம், நாளாவட்டத்தில் பழுப்பேறும்.

இரண்டு எச்சரிக்கை. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. மீன் தொட்டியிலோ குளத்திலோ இந்தத் தண்ணீர் கலக்கக் கூடாது, சபோனின் மீனைக் கொல்லும். செடியின் காலடிக்குக் கொஞ்சம் போனால் குற்றமில்லை.

பித்தளை, செம்பு விளக்க எது நல்லது?

தருமபுரிக்காரர்கள் இதைக் கேட்கக் கூடாது! மாசி, பங்குனி வந்தால் வீட்டு வாசலில் புளி குவிந்துவிடும். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் என்று பெண்கள் உட்கார்ந்து தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். கொட்டைக்கும் விலை உண்டு, ஓடு அடுப்புக்குப் போகும். நாரைத்தான் வீசிவிடுகிறார்கள். அந்த நாரில் புளி ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லுப்புப் போட்டுப் பிசறி ஒரு மண் ஜாடியில் அடைத்து வைத்தால் ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் குடம் விளக்க அதுவே போதும். குழம்புக்குக் கரைத்த சக்கையும் அப்படியே. தேய்த்தவுடன் நன்றாக அலசித் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிட வேண்டும். புளி ஒட்டி நின்றால் பச்சைக் களிம்பு ஏறும்.

இரும்பு தோசைக்கல்லில் புளி வேண்டாம். பல நாள் எண்ணெயில் பழகிய கறுப்புப் படலம் போய்விடும், அடுத்த தோசை கல்லை விட்டு வராது.

பக்கெட்டிலும் குழாயிலும் படியும் வெள்ளைக் காரைக்கும் இதே மருந்துதான். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்புப் பட்டால் கரையும். புளிக்கரைசலில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

சாம்பல்?

விறகுச் சாம்பல், தேங்காய் நார்ச் சாம்பல் இரண்டும் நல்லவை. சாம்பலின் காரம் எண்ணெயோடு சேர்ந்து பாத்திரத்தின் மேலேயே கொஞ்சம் சோப்பாகிவிடுகிறது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும். பிளாஸ்டிக் பை எரிந்த அடுப்பின் சாம்பலை எதற்கும் தொடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டிய குண்டான் ஒரு தனிச் சடங்கு. களி எடுத்ததும் அடியில் தாள் மாதிரி ஒரு காந்தல் ஒட்டியிருக்கும். என் மாமியார் அதில் தண்ணீர் ஊற்றி மூலையில் வைத்துவிடுவார், மாலை வரை யாரும் தொடக் கூடாது. நான் கல்யாணமான புதிதில் உடனே கம்பிச் சுருள் எடுத்துத் தேய்க்கப் போனேன். “அது தானாக வரும், உனக்கென்ன அவசரம்?” என்றார். மாலையில் அந்தக் காந்தல் ஒரே துண்டாக, வாழைப்பட்டை உரிந்த மாதிரி, எழும்பி நின்றது. காந்தலைக் கோழிக்குப் போட்டார், கஞ்சித் தண்ணீரை அவரைக்கு ஊற்றினார், ஒரு சிட்டிகைச் சாம்பலில் குண்டான் சுத்தமாகிவிட்டது. இயற்கைச் சுத்தம் என்று எத்தனையோ பேர் எவ்வளவோ சொல்கிறார்கள். ஊறப்போடுவதைவிடப் பெரிய வித்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

எலுமிச்சைத் தோலில் செய்யும் என்சைம் எப்படி?

வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல், 1 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள், கால் பாகம் காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். 3 மாதத்தில் வடிகட்டலாம். தரை துடைக்க ஒரு பக்கெட்டுக்கு அரை டம்ளர்.

பிளாஸ்டிக் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் முறை நான் ஊறுகாய் வந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பரண்மேல் வைத்துவிட்டு, தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஓசூர் போனேன். மூன்றாம் நாள் இரவு அது வெடித்தது. என் கணவர் திருடன் என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாராம். ஜீரகச் சம்படத்தில்கூடக் கண்ணாடித் துண்டு கிடந்தது. ஒரு மாத மளிகையைக் கொட்டினோம்.

இது மிதமான ஓர் அமிலம், அவ்வளவுதான். கறை எடுக்கும், வாசனையாக இருக்கும். கிருமிநாசினி என்று நம்பிவிடாதீர்கள். மாம்பழக் காலத்தில் பெங்களூரா தோலைப் போட்டும் பார்த்தேன். வீடு கள்ளுக்கடை மாதிரி மணத்தது.

சமையல் மேடைக் கல்லில் என்சைம் பட்டு வெளுத்துவிட்டது. சரியாகுமா?

வெளுத்தது என்றால் உங்கள் மேடை பெரும்பாலும் கடப்பா கல்லாக இருக்கும். அது சுண்ணாம்புக்கல் இனம், எலுமிச்சையோ புளியோ வினிகரோ பட்டால் அரிக்கும். பளிங்குக்கும் இதே கதி. வெளுத்த இடத்தை மறுபடி மெருகேற்றுபவரிடம்தான் விட வேண்டும். கிரானைட் தாங்கும், கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்கா பஞ்சம்! உங்கள் மேடை எது என்று தெரியாவிட்டால் மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நன்றாகப் பொங்குகிறதே?

பொங்குவது வேடிக்கைக்கு நன்றாக இருக்கிறது. பொங்கி முடிந்த பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர், அது நம் போர்வெல்லிலேயே வருகிறது. சோடாவைத் தனியாகத் தேய்க்கப் பயன்படுத்துங்கள், வினிகரைத் தனியாகக் காரைக்கு.

எதை எதனோடு கலக்கவே கூடாது?

பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும் கலக்காதீர்கள். எலுமிச்சை, வினிகர், என்சைம், கழிவறை ஆசிட் எது பட்டாலும் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் கழிவறைக்கு வேப்பிலை, மஞ்சள், என்சைம் எதுவும் போதாது. பிளீச்சிங் பவுடர்தான். கொள்கையை அந்த ஒரு வாரம் பரணில் வைத்துவிடலாம். சாணம் மெழுகும் வாசலில் காலில் புண்ணோடு நடக்க வேண்டாம், பச்சைக் குழந்தையின் தொப்புள் பக்கம் சாணமோ சாம்பலோ போகவே கூடாது. ரணஜன்னி வரும்.

போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கேள்விக்குத் தனிப் பதில் உண்டு. பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், அளவு கூடக் கூட நாளடைவில் எலும்பையும் பாதிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர், தேய்க்கவும் கழுவவும் போர்வெல் தண்ணீர் என்று இரண்டு குடங்களைப் பிரித்து வையுங்கள். களிக்கு உலை வைப்பதும் சமையல்தான், அதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த மாதம் எதை விதைப்பது?

ஆடிப்பட்டத்தில் அவரை, பீர்க்கு, புடலை, சுரை, பூசணி. தைப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய். கீரை எப்போதும். சித்திரை வெயிலில் மாடியில் நிழல்வலை இல்லாமல் எதுவும் நிற்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே முட்டைக்கோசும் கொத்தமல்லியும் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர்களைப் பார்த்துத் தருமபுரியில் மாடியில் காலிஃபிளவர் வைத்து ஏமாறாதீர்கள்.

அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, பூக்கவே இல்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் புரட்டாசியில், கொஞ்சம் கோபத்தோடு கேட்பார்கள். பதில்: காத்திருங்கள். நம் நாட்டுக் கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் அது நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு வெறும் இலையாக நிற்கும். ஐப்பசியில் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ வரும், கார்த்திகையிலிருந்து தை வரை பறித்து மாளாது. தையில் விதை போட்டவர் பாடுதான் பாவம், அடுத்த ஐப்பசி வரை அவர் இலைக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காய்க்க வேண்டும் என்றால் குத்து அவரை வையுங்கள், அதற்குப் பகல் நீளம் பொருட்டில்லை. ருசி? கொடி அவரைதான், இதில் நான் நடுநிலை வகிக்க மாட்டேன்.

பூக்கவில்லை என்று கோபத்தில் எருவை அள்ளிப் போடாதீர்கள், இன்னும் இலைதான் வரும்.

மார்கழிப் பனியில் நுனிக்கொழுந்தில் அசுவினி கறுப்பாக மொய்க்கும். விடியற்காலையில் இலை ஈரமாக இருக்கும்போதே நன்றாகச் சலித்த சாம்பலைத் தூவுங்கள். மென்மையான உடம்புப் பூச்சி காய்ந்து விழும். பூவின்மேல் வேண்டாம், தேனீ வர வேண்டும்.

முற்றிய பச்சைக் கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பிதுக்கு. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் உள்ள நாளில் எங்கள் வீட்டில் யாரும் போன் எடுப்பதில்லை.

மற்றப் பூச்சிகளுக்கு?

வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, ஒரு கரண்டி பூந்திக்கொட்டைத் தண்ணீர் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் அதன் சக்தி போய்விடும். மாவுப்பூச்சிக்கு முதலில் குழாயை அழுத்திப் பிடித்துத் தண்ணீரால் அடியுங்கள், பிறகு எறும்பை நிறுத்துங்கள். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பதே எறும்புதான். பாகல், புடலைப் பிஞ்சுகளில் பழ ஈ குத்தும், காகிதப் பை மாட்டிவிடுங்கள்.

விதையை நாமே எடுக்கலாமா?

நாட்டு ரகத்தில் எடுக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்தால் மறு வருடம் அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி வருவான். தக்காளி விதையை வழவழப்போடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு அலசிக் காயவைக்க வேண்டும். கத்தரி செடியிலேயே மஞ்சளாகட்டும். அவரை விதையைச் சாம்பலோடு கலந்து, டப்பாவில் ஒரு துண்டு வசம்பும் போட்டு வையுங்கள். சாமை, கொள்ளு மாதிரிப் பயிர்களுக்கு நல்ல ரகம் வேண்டுபவர்கள் காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். கொள்ளிலும் சாமையிலும் பையூர் பெயரிலேயே ரகம் உண்டு.

தோட்டம் வைத்தால் கொசு வருமே?

செடி கொசுவைக் கொண்டுவராது, செடிக்கடியில் வைக்கும் தட்டுத்தான் கொண்டுவரும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். வாரம் ஒரு நாள் எல்லாத் தட்டையும் கவிழ்த்துக் காயவையுங்கள். மழைத்தண்ணீர் டிரம்முக்குத் துணி கட்டுங்கள்.

இதனால் காசு மிச்சமாகிறதா?

கீரையில் மிச்சமாகிறது. கறிவேப்பிலை, முருங்கை, பச்சை மிளகாய், அவரை இவற்றில் நன்றாகவே மிச்சமாகிறது. பாத்திரச் சோப்பு எங்கள் வீட்டில் மாதம் ஒரு கட்டிதான், அதுவும் விருந்தாளிகளுக்காக.

தக்காளியில் மிச்சம் இல்லை. பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிச் சந்தைக்குப் பேர்போனவை. விலை விழுந்தால் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து, காசு கேட்காமல், திண்ணையில் கொட்டிவிட்டுப் போவார். அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், அவர் மனைவியிடம் ஒரு பாட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பாட்டில் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு பிடி அவரை விதையோடு.